கண்ணில் அடிபட்டால் என்ன செய்வது: வயல், பட்டறை, வீடு – முழுமையான வழிகாட்டி

ஆனி பிறந்து செங்கோட்டைக் கணவாய் வழியே காற்று இறங்கிவிட்டால் தென்காசியிலிருந்து ராதாபுரம் வரை கண்ணைச் சுருக்காமல் வண்டி ஓட்ட முடியாது. அந்தக் காற்று அடங்குவதற்குள் கார் அறுப்பு வந்துவிடும். களத்தில் சண்டும் சாவியும் (கூளமும் பதரும்) பறக்கும். ஐப்பசியில் வெடி, மார்கழிக் கடைசியில் வெள்ளையடிப்பு, மாசி பங்குனியில் பிசான அறுப்பு. வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கம்பி குத்தி ரத்தம் வந்தவரை அன்றைக்கே வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விடுகிறோம். "கண்ணுல என்னமோ விழுந்துட்டு, உறுத்துது" என்பவர்தான் தாய்ப்பால் விட்டு, விளக்கெண்ணெய் விட்டு, கடை மருந்து விட்டு, ஐந்தாம் நாள் கருவிழியில் வெள்ளைப் புண்ணோடு வருகிறார். அதனால் இங்கே பெரிய காயங்களைவிடச் சின்னக் காயங்களுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

கண்ணைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். நாம் கருப்பு முழி என்று சொல்வதன் மேல் கைக்கடிகாரக் கண்ணாடி போல ஒரு தெளிவான மூடி இருக்கிறது. அதுதான் கருவிழிப்படலம். நடுவில் அதன் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். அதன் மேல்தோல் மட்டும் உரிந்தால் 1 முதல் 3 நாளில் தானே வளர்ந்துவிடும், தடயமே இருக்காது. தோலைத் தாண்டிப் புண் உள்ளே போனால் ஆறும்போது வெள்ளைத் தழும்பாகத்தான் ஆறும். "கண்ணுல பூ விழுந்துட்டு" என்று சொல்வது அதைத்தான். அந்தப் பூ கண் பாப்பாவுக்கு (முழியின் நடுவில் உள்ள கறுப்பு வட்டம்) நேராக விழுந்தால் எந்தக் கண்ணாடி போட்டாலும் பார்வை தெளியாது. எல்லா முதலுதவியும் புண் அந்தத் தோலோடு நிற்க வேண்டும் என்பதற்காகத்தான்.

எடுத்த எடுப்பில் பார்க்க வேண்டியவை

கண்ணைப் பொத்திக்கொண்டு ஒருவர் வந்தால் முதல் கேள்வி: என்ன பட்டது? சுண்ணாம்பு, சிமெண்ட், அமிலம், செடிப்பால் என்றால் அடுத்த கேள்வியே வேண்டாம், உடனே தண்ணீர். பார்வையைச் சோதிப்பதும் மற்றவர்களுக்குப் போன் போடுவதும் தண்ணீர் ஊற்றத் தொடங்கிய பிறகுதான்.

ரசாயனம் இல்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது கண் கிழிந்திருக்கிறதா என்பது. பாப்பா வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் இழுத்துக் கூம்பியிருப்பது, கருவிழி ஓரத்தில் கறுப்பாகவோ பழுப்பாகவோ ஏதோ பிதுங்கி நிற்பது, கூழ் போல வழிவது, கண் உள்வாங்கியிருப்பது, ஏதாவது குத்தி நிற்பது – இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தக் கண்ணில் விரல், தண்ணீர், மருந்து எதுவும் படக்கூடாது. நேராகக் கீழே உள்ள "குத்திக் கிழிந்த கண்" பகுதிக்குப் போங்கள்.

இரண்டும் இல்லை என்றால் பார்வையைச் சோதியுங்கள். நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடிவிட்டு, அடிபட்ட கண்ணால் பத்தடி தள்ளியிருக்கும் தினசரி நாட்காட்டியின் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். எண் தெரிகிறதா, மங்கலா, கை அசைவது மட்டும் தெரிகிறதா என்று நேரத்தோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிறகு பார்க்கும் மருத்துவருக்கு இந்த ஒரு வரி மிகவும் உதவும். பார்வை குறைந்திருந்தால், வலி எவ்வளவு லேசாக இருந்தாலும், அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சுண்ணாம்பும் மற்ற ரசாயனங்களும்

வெற்றிலைச் சுண்ணாம்பு சின்ன பாக்கெட்டில் வருகிறது. ஓரத்தைக் கடித்துப் பிதுக்கினால் மறுபக்கம் பீச்சும். ஆச்சி வெற்றிலைச் செல்லத்தை வைத்துவிட்டு அங்கிட்டுப் போன நேரத்தில் பிள்ளை எடுத்து அமுக்கினால், முகத்துக்கு நேரே பிடித்திருப்பதால் கண்ணில்தான் விழும். வெள்ளையடிக்கும்போது மட்டையிலிருந்து தெறிப்பதும் கலவை போடும்போது சிமெண்ட் தெறிப்பதும் அதே வகைதான், எல்லாமே காரம் (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான ரசாயனம், ஆல்கலி).

காரம் அமிலத்தைவிடக் கண்ணுக்குக் கொடியது. அமிலம் பட்டால் மேல்புறத்துப் புரதம் பால் திரைவது போலத் திரைந்து, அந்தத் திரையே உள்ளே போவதை ஓரளவு தடுக்கும். காரம் அப்படி நிற்காது. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு ஆவது போல, கண் திசுவிலுள்ள கொழுப்பைக் கரைத்துக்கொண்டு சில நிமிடங்களில் கண்ணுக்கு உள்ளேயே இறங்கிவிடும். இமைக்குள் ஒரு சிறு கட்டி தங்கியிருந்தாலும் அது கரைந்து கரைந்து மணிக்கணக்கில் எரித்துக்கொண்டிருக்கும்.

கழுவும் முறை:

1. படுக்க வைத்து, அடிபட்ட கண் கீழ்ப்பக்கம் வருமாறு தலையைச் சாய்க்கவும். கழுவிய தண்ணீர் நல்ல கண்ணுக்குள் ஓடக்கூடாது.

2. உலர்ந்த சுண்ணாம்புத் தூளோ சிமெண்டோ முகத்திலும் இமையிலும் இருந்தால் துணியால் தட்டித் துடைத்துவிடவும். கண்ணில் கட்டியாகத் தெரிவதை ஈரத்துணி முனையால் எடுக்கவும். இதற்கு அரை நிமிடத்துக்கு மேல் செலவிட வேண்டாம்.

3. ஒருவர் இமைகளைத் திறந்து பிடிக்க வேண்டும், இன்னொருவர் ஊற்ற வேண்டும். வலியில் இமை இறுக மூடிக்கொள்ளும், ஈரத்தில் விரலும் வழுக்கும். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மேல் இமையைப் புருவ எலும்போடும் கீழ் இமையைக் கன்ன எலும்போடும் சேர்த்து அழுத்திப் பிடிக்கவும். முழியின் மேல் அழுத்தக்கூடாது.

4. செம்பை நாலு விரல் உயரத்தில் பிடித்து, மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கம் ஓடுமாறு மெல்லிய தாரையாக ஊற்றவும். மேலே, கீழே, இடம், வலம் என்று முழியை உருட்டச் சொல்லிக்கொண்டே இருக்கவும்.

5. கடிகாரம் பார்த்து 30 நிமிடம். நிமிடத்துக்கு அரை லிட்டர் என்றால் 15 லிட்டர், அதாவது ஒரு குடத்துக்கு மேல் ஆகும். அதனால் தொடங்கும்போதே இன்னொரு குடம் எடுத்துவரச் சொல்லிவிடுங்கள்.

6. இடையில் ஒருமுறை மேல் இமையைத் திருப்பிப் பார்க்கவும் (முறை கீழே வருகிறது). இமைக்கு அடியில் ஒட்டியிருக்கும் சுண்ணாம்பை ஈரமான பட்ஸால் துடைத்தெடுத்துவிட்டு மறுபடியும் ஊற்றவும்.

குடிதண்ணீர் இருந்தால் அது நல்லது. இல்லையென்றால் குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர். வயல் நடுவே வாய்க்கால் தண்ணீர் மட்டும்தான் இருக்கிறது என்றாலும் காத்திருக்காமல் அதையே ஊற்றுங்கள். அழுக்கால் வரும் தொற்றுக்குப் பிறகு மருந்து போடலாம், முதல் பத்து நிமிடத்தில் காரம் செய்த சேதத்தைத் திருப்ப முடியாது. எந்தத் தண்ணீர் என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

எலுமிச்சைச்சாறு, மோர், நெய், எண்ணெய் எதுவும் வேண்டாம். காரத்தை அமிலத்தால் முறிக்கிறேன் என்று எலுமிச்சை பிழிந்தால் கண்ணுக்குள் சூடும் இரண்டாவது புண்ணும்தான் மிச்சம்.

கழுவி முடித்ததும் கண் மருத்துவரிடம் போக வேண்டும், ஆட்டோவில் போகும்போதும் ஊற்றிக்கொண்டே போகலாம். அங்கே தாளை நனைத்து காரத்தன்மையைப் பார்ப்பார்கள், பி.எச். அளவு 7க்கும் 7.4க்கும் இடையே நிலையாக நிற்கும்வரை சலைன் (மருத்துவ உப்புநீர்) ஊற்றுவார்கள். இங்கே ஒரு ஏமாற்று உண்டு, தெரிந்துகொள்ளுங்கள். சுண்ணாம்பு பட்ட கண் சிவக்காமல் வெளேரென்று இருந்தால் "பரவால்ல, செவப்பே இல்ல" என்று நிம்மதி அடைய வேண்டாம். கருவிழி ஓரத்து ரத்தக் குழாய்கள் கருகிவிட்டதால் வரும் வெளுப்பு அது, சிவப்பைவிட மோசமான அறிகுறி.

பேட்டரி அமிலம், கழிப்பறை கழுவும் திரவம், பிளீச்சிங் பவுடர் எல்லாவற்றுக்கும் இதே கழுவல்தான். பாட்டிலைக் கையோடு எடுத்துப் போகவும்.

எருக்கம்பால், கள்ளிப்பால்

பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ பறிக்கும்போதும் காலில் தைத்த முள்ளுக்குப் பால் விடும்போதும் கண்ணில் தெறித்துவிடும். எருக்கம்பால் பட்டால் பெரும்பாலும் வலி அதிகம் இருக்காது, ஆனால் சில மணி நேரத்தில் பார்வை புகை போட்டது போல மங்கும். பால் கருவிழியின் உள்பக்கத்து அடுக்கைத் தாக்கி, கருவிழி நீர்கோத்து வீங்குவதே காரணம். வலி இல்லை என்று வீட்டில் இருந்துவிடக்கூடாது. வேலியில் இருக்கும் திருகுகள்ளி, கொடிக்கள்ளி வகைகள் இதற்கு நேர்மாறு: முதலில் எரிச்சல்தான் இருக்கும், நேரம் ஆக ஆக வலி ஏறி ராத்திரி தூங்கவிடாது. இரண்டுக்கும் 20 நிமிடம் கழுவி, அன்றைக்கே மருத்துவரிடம் போகவும். செடியின் ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போனால் சிகிச்சை எளிது.

மிளகாய் பட்டால் கழுவினால் போதும், ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். கழுவ வருகிறவரின் கையில் மிளகாய் இருக்கக்கூடாது. கையில் எண்ணெய் தேய்த்துப் பிறகு சோப்புப் போட்டுக் கழுவினால்தான் மிளகாய்க் காரம் போகும்.

உடனடிப் பசையைச் சொட்டு மருந்து என்று நினைத்து விட்டுவிடுகிறவர்களும் உண்டு, இரண்டு குப்பியும் ஒரே அளவு. இமை ஒட்டிக்கொண்டால் இழுத்துப் பிரிக்க வேண்டாம், நகச்சாயம் அழிக்கும் திரவம் வேண்டவே வேண்டாம். வெதுவெதுப்பான ஈரத்துணியை வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போகவும். பசை சில நாளில் தானே விடும். அதன் முனை கருவிழியைக் கீறுகிறதா என்று பார்ப்பதற்காகத்தான் போவது.

தூசி விழுந்தால்

கசக்காதீர்கள். வெறும் தூசியைக் கீறலாக மாற்றுவது கசக்கல்தான்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒரு கிண்ணத்தில் சுத்தமான தண்ணீர் எடுத்து, முகத்தை அதில் வைத்து இமையைத் திறந்து மூடுங்கள். போகவில்லை என்றால் மேல் இமையின் முடியைப் பிடித்துக் கீழ் இமைக்கு மேல் இழுத்து விடுங்கள், கீழ் இமைமுடி துடைப்பம் போல உள்ளே தேய்த்துத் தூசியைக் கொண்டுவந்துவிடும். இன்னும் உறுத்தினால் கீழ் இமையை இறக்கி டார்ச் அடித்துப் பாருங்கள்; வெள்ளை முழியிலோ இமையிலோ தெரிந்தால் ஈரமான பட்ஸ் முனையால் ஒற்றி எடுக்கலாம்.

இமைக்கும்போதெல்லாம் ஒரே இடத்தில் கீறுவது போல இருந்தால் தூசி மேல் இமைக்கு அடியில் ஒட்டியிருக்கிறது. திருப்பும் முறை இது: அவரைக் கீழே பார்க்கச் சொல்லுங்கள், கடைசிவரை கீழேயே பார்க்க வேண்டும். மேல் இமைமுடியைப் பிடித்து மெல்லக் கீழும் முன்னும் இழுங்கள். இமை விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மேலே பட்ஸைக் கிடையாக வையுங்கள். பட்ஸை லேசாகக் கீழே அழுத்திக்கொண்டே முடியை மேலே தூக்கினால் இமை புரண்டுவிடும். தூசி பெரும்பாலும் விளிம்புக்குச் சற்று உள்ளே ஒரு கறுப்புப் புள்ளியாக இருக்கும். ஒற்றி எடுத்ததும் மேலே பார்க்கச் சொன்னால் இமை தானே திரும்பிவிடும். கண் கிழிந்திருக்கும் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் இதைச் செய்யக்கூடாது.

கருவிழி மேல் ஒட்டியிருப்பதை வீட்டில் எடுக்கவே கூடாது. பட்ஸாலும் இல்லை, முந்தானை முனையாலும் இல்லை. தூசி எடுக்கிறேன் என்று நாக்கால் நக்கி எடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் நல்ல மனதோடுதான் செய்கிறார்கள், ஆனால் வாயில் இருக்கும் கிருமி கீறல் விழுந்த கருவிழியில் நேராக ஏறுகிறது. தூசி போன பிறகும் ஒரு நாள் கழித்து உறுத்தல் இருந்தால் கீறல் இருக்கிறது என்று அர்த்தம், காட்டிவிட வேண்டும்.

நெல், இலை, முள்

இந்தப் பகுதியை வயலில் வேலை பார்க்கும் எல்லோரும் படிக்க வேண்டும்.

சூடடிக்கும்போதும் சுளகில் புடைக்கும்போதும் நெல் உமி கண்ணில் விழும். உமி ஒரு பக்கம் குழிந்த சின்னத் தோணி. அந்தக் குழிந்த பக்கம் கண்ணில் பட்டால் கிண்ணத்தைக் கவிழ்த்தது போல உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும், பெரும்பாலும் கருப்பும் வெள்ளையும் சேரும் ஓரத்தில். கழுவினாலும் போகாது. இரண்டு மூன்று நாளில் முதல் வலி அடங்கி, சிவப்பும் ஒரு மஞ்சள்-பழுப்பு மேடும் மட்டும் மிஞ்சும். வெறும் கண்ணால் பார்ப்பவருக்கு அது கட்டி போலவோ புண் போலவோ தோன்றும். வாரக்கணக்கில் உமி அங்கேயே இருக்கும். ஸ்லிட் லேம்ப் என்னும் கண் நுண்ணோக்கியில் பார்த்தால் உமியின் வரிகள் தெளிவாகத் தெரியும், மரக்கச் சொட்டு (கண்ணை மரத்துப்போக வைக்கும் மருந்து) விட்டு நிமிடத்தில் எடுத்துவிடுவார்கள்.

உமி ஒட்டாமல் கீறிவிட்டுப் போனாலும் ஆபத்து தொடர்கிறது. நெற்கதிர், கரும்புத் தோகை, பனைமட்டைக் கருக்கு, உடைமுள், மாட்டின் வால் – எது கீறினாலும் அதோடு மண்ணும் பூஞ்சை வித்தும் கருவிழிக்குள் போகின்றன. மதுரை வட்டாரத்தில் கருவிழிப் புண்களை ஆராய்ந்தபோது ஏறக்குறைய பாதி பூஞ்சையால் வந்தவை என்று தெரிந்தது. ஃபுசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற இரண்டும்தான் இங்கே முக்கியமானவை. குளிர்நாட்டுப் புத்தகங்களைப் பார்த்து "ஆன்டிபயாடிக் போட்டால் போதும்" என்று சொல்வது நம் ஊருக்குச் சரிப்படாது.

பாக்டீரியாப் புண் ஒன்றிரண்டு நாளில் சீழோடும் கடும் வலியோடும் வரும். பூஞ்சை நிதானமாக வரும்: கீறல் ஆறியது போலிருந்து, நாலைந்து நாளிலோ அதற்குப் பிறகோ சாம்பல் வெள்ளையில் உலர்ந்த மேடு எழும். ஓரம் கோழியிறகு போலப் பிசிறாக இருக்கும், பக்கத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் தோன்றலாம், கருவிழிக்குப் பின்னால் அடியில் வெள்ளைக் கோடாகச் சீழ் தேங்கலாம்.

இந்த இடைவெளியில்தான் மருந்துக் கடைத் தவறு நடக்கிறது. "அண்ணாச்சி, கண்ணு செவந்திருக்கு, ஒரு மருந்து குடுங்க" என்று கேட்டால், ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து கைக்கு வந்துவிடுவதுண்டு. டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன் என்று அட்டையில் இருக்கும். விட்ட இரண்டு நாளில் சிவப்பு குறையும், வலி குறையும், மருந்து நன்றாக வேலை செய்வது போலவே இருக்கும். உண்மையில் குறைந்தது உடம்பின் எதிர்ப்பு. தடுக்க ஆளில்லாத பூஞ்சை கருவிழியைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். அட்டையைப் படியுங்கள், இந்தப் பெயர்கள் இருந்தால், கண்ணில் கீறல் இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் ஒரு சொட்டுகூட விடக்கூடாது.

சரியான வழி எளிதானது. கீறல் பட்டதும் சுத்தத் தண்ணீரில் கழுவுங்கள். துணி வைத்து இறுக்கிக் கட்டாதீர்கள். மூடிக் கட்டிய இருட்டும் கதகதப்பும் கிருமிக்குத்தான் வசதி. பச்சிலைச் சாறு, நந்தியாவட்டைப் பூ, தாய்ப்பால் எதுவும் வேண்டாம். அன்றைக்கே, தவறினால் மறுநாள் காலை, ஆரம்ப சுகாதார நிலையத்துக் கண் மருத்துவ உதவியாளரிடமோ கண் மருத்துவரிடமோ காட்டுங்கள். மஞ்சள் சாயச் சொட்டு விட்டு நீல விளக்கில் பார்த்தால் கீறல் பச்சையாக ஒளிரும். கீறல் மட்டும்தான் என்றால் ஆன்டிபயாடிக் களிம்போடு முடிந்துவிடும். நேபாளத்தின் பக்தபூரில் கிராம சுகாதாரப் பணியாளர்களை வைத்து இதைச் செய்து பார்த்து 2001-ல் வெளியிட்டார்கள்: கீறலுக்கு குளோராம்ஃபெனிகால் 1% களிம்பு, நாளுக்கு 3 வேளை, 3 நாள். 18 மணி நேரத்துக்குள் களிம்பு போடத் தொடங்கியவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை. களிம்பு சாதாரணமானதுதான், அதைச் சீக்கிரம் போட்டதுதான் கண்ணைக் காத்தது.

புண் வந்துவிட்டால் கருவிழியை லேசாகச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சுரண்டுவது என்றதும் பயந்து ஓடிவிட வேண்டாம். மரத்துப்போன பிறகுதான் செய்வார்கள், பூஞ்சையா இல்லையா என்று அன்றைக்கே தெரிந்துவிடும். பூஞ்சை என்றால் நேட்டமைசின் 5% சொட்டு, முதலில் மணிக்கு ஒருமுறை. விலை கூடிய வோரிகோனசோலைவிட இதுவே நன்றாக வேலை செய்கிறது, அதுவும் ஃபுசேரியத்துக்கு, என்பது அரவிந்த் கண் மருத்துவமனைகளும் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகக் கண் ஆய்வு மையமும் சேர்ந்து நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆய்வில் தெரிந்தது. குப்பியைக் குலுக்கித்தான் விட வேண்டும், மருந்து அடியில் தங்கிவிடும். இமையில் வெள்ளையாகப் படிவது மருந்துதான், சீழ் என்று பயப்பட வேண்டாம். ஆற வாரக்கணக்கில் ஆகும். பத்தாம் நாள் வலி நின்றதும் மருந்தையும் நிறுத்திவிட்டு நடவுக்குப் போகிறவர்களுக்குத்தான் புண் மறுபடி கிளம்புகிறது.

இரும்புத் துகள், வெல்டிங்

கிரைண்டிங் சக்கரத்திலிருந்து தெறிக்கும் துகள் சூடாக வந்து கருவிழியில் பதியும். சில மணி நேரத்திலேயே சுற்றித் துருவளையம் படிய ஆரம்பிக்கும். மருத்துவர் மரக்கச் சொட்டு விட்டு, நுண்ணோக்கியில் பார்த்தபடி ஊசி முனையால் துகளையும் துருவையும் எடுப்பார். பட்டறையில் சக தொழிலாளி குண்டூசியாலோ பிளேடாலோ எடுத்துவிடும் வழக்கம் உடனே நிற்க வேண்டும். மேல்தோலோடு முடிய வேண்டியதை ஆழத் தழும்பாக்குவது அதுதான்.

இதைவிட ஏமாற்றக்கூடியது, உளியின் மேல் சுத்தியல் அடிக்கும்போது அல்லது மண்வெட்டியைத் தட்டிச் சரிசெய்யும்போது தெறிக்கும் சில்லு. அரிசிக் குருணையைவிடச் சிறியது, ஆனால் வேகத்தில் கண்ணைத் துளைத்து உள்ளே போய்விடும். "சுருக்"கென்று ஒரு குத்து, அப்புறம் பெரிய வலி இருக்காது, பார்வைகூடச் சரியாக இருக்கலாம். உள்ளே தங்கிய இரும்பு மாதக்கணக்கில் துருவேறி விழித்திரையைக் கெடுக்கும். இரும்பை இரும்பால் அடிக்கும்போது கண்ணில் ஏதோ பட்டது என்றால், எக்ஸ்-ரே அல்லது சி.டி. எடுத்து உறுதி செய்துகொள்ள வேண்டும். எம்.ஆர்.ஐ. கூடாது, காந்தம் சில்லை உள்ளுக்குள்ளேயே நகர்த்திவிடும்.

வெல்டிங் வெளிச்சம் பார்த்தவருக்கு உடனே ஒன்றும் தெரியாது. 6 முதல் 12 மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடுராத்திரியில், இரண்டு கண்ணிலும் மண்ணை அள்ளிப் போட்டது போல எரியும், தண்ணீர் கொட்டும். புற ஊதாக்கதிர் கருவிழியின் தோலைச் சுட்டிருக்கிறது. இருட்டறை, குளிர்ந்த ஈரத்துணி, பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மில்லிகிராம் பாராசிட்டமால். 24 முதல் 48 மணி நேரத்தில் ஆறிவிடும். மரக்கச் சொட்டைக் கடையில் வாங்கி அடிக்கடி விடுவது மட்டும் கூடாது. வலி போகும், கூடவே தோல் வளர்வதும் நின்று கருவிழி கரையும். ஒரே கண்ணில் மட்டும் வலி என்றால் அது வெளிச்சம் இல்லை, துகள், காட்டுங்கள்.

பந்து, கிட்டிப்புள், கைமுட்டி

மொத்தையான அடியில் வெளியே வீக்கம் மட்டும் தெரியும். துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் புருவத்திலும் கன்னத்திலும் வைக்கலாம், முழியை அழுத்தக்கூடாது. வீக்கம் இமையை மூடுவதற்குள் பார்வையைச் சோதித்துவிடுங்கள்.

கருவிழிக்குப் பின்னால் அடியில் சிவப்பாக ரத்தம் தேங்கி நின்றால் அது அவசரம். தலையைச் சாய்வு நாற்காலி உயரத்துக்கு நிமிர்த்தி வைத்து, கண்ணுக்கு மேல் பேப்பர் கப் மூடி அழைத்துப் போகவும். ஆஸ்பிரின், இபுபுரூஃபென் கொடுக்கக்கூடாது, ரத்தம் கூடும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். அடிபட்ட 2ஆம் நாளுக்கும் 5ஆம் நாளுக்கும் இடையில் மறுபடி ரத்தம் கசிய வாய்ப்பு அதிகம், கண் அழுத்தமும் ஏறும். மூன்றாம் நாள் பிள்ளை சரியாகிவிட்டான் என்று கிரிக்கெட்டுக்கு விட வேண்டாம்.

இரட்டையாகத் தெரிவது, மேலே பார்க்க முடியாமல் கண் நின்றுவிடுவது கண்குழி எலும்பு முறிவின் அடையாளம்; மூக்கைச் சிந்தக்கூடாது. குழந்தைக்குக் கண் வெளியே நன்றாகத் தெரிந்தாலும், மேலே பார்க்கும்போதெல்லாம் வாந்தி வந்தால் கண்ணின் தசை அந்த எலும்பு முறிவுக்குள் மாட்டியிருக்கலாம், அன்றைக்கே போக வேண்டும். அடி ஆறிய பிறகும் மின்னல் வெட்டுவது, கறுப்புத் திரை இறங்குவது தெரிந்தால் விழித்திரை பிரிகிறது. கண் அழுத்த நோய் வருஷங்கள் கழித்துக்கூட வரலாம், அதனால் வருடம் ஒருமுறை அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடி எதுவும் இல்லாமல் காலையில் எழுந்ததும் வெள்ளை முழியில் ரத்தச் சிவப்புத் திட்டு இருந்தால், பார்வையும் வலியும் சரியாக இருக்கும்வரை பயமில்லை. இரண்டு வாரத்தில் மறையும், ரத்த அழுத்தம் மட்டும் பார்த்துவிடுங்கள்.

குத்திக் கிழிந்த கண்

ஈர்க்கு வில் அம்பு, காம்பஸ், பென்சில், பனங்கருக்கு, கடலோர ஊர்களான உவரி, கூட்டப்புளிப் பக்கம் மீன் தூண்டில். செய்ய வேண்டியவை குறைவு, செய்யக்கூடாதவை அதிகம்.

கழுவாதீர்கள். மருந்து விடாதீர்கள். பஞ்சு வைத்து அழுத்தாதீர்கள். குத்தி நிற்பதைப் பிடுங்காதீர்கள். தூண்டிலின் எதிர்முள் வரும்போது உள்ளிருப்பதையும் இழுத்துக்கொண்டு வரும். ஒரு பேப்பர் டீ கப்பின் அடிப்பாகத்தைக் கண்ணின் மேல் கவிழ்த்து, விளிம்பு புருவ எலும்பிலும் கன்ன எலும்பிலும் மட்டும் உட்காருமாறு வைத்து, பிளாஸ்திரியைக் குறுக்காக ஒட்டவும். குத்தியது நீளமாக இருந்தால் கப்பின் அடியில் துளையிட்டு அதன் வழியே வெளியே விடவும். அழும் குழந்தையை முதலில் மடியில் வைத்துத் தேற்றுங்கள். முக்கி அழும்போது கண்ணுக்குள் இருப்பது வெளியே தள்ளப்படும்.

சாப்பிடவும் குடிக்கவும் எதுவும் கொடுக்க வேண்டாம், மயக்க ஊசி போட்டுத் தையல் போட வேண்டியிருக்கும். கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 108-ஐ அழைத்து, சின்ன ஊர்களில் நின்று நேரம் போக்காமல், கண் அறுவைக்கூடம் உள்ள இடத்துக்கே நேராகப் போகவும்: பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அல்லது திருநெல்வேலியில் 1988 முதல் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனை. 24 மணி நேரத்துக்குள் தையல் விழுந்தால் தொற்று உள்ளே போகும் ஆபத்து குறையும். டி.டி. (டெட்டனஸ்) ஊசி போட்ட தேதியைக் கேட்பார்கள். பிறகு வாரங்களோ மாதங்களோ கழித்து நல்ல கண் மங்கினாலோ கூசினாலோ உடனே போக வேண்டும். அரிதாக, ஒரு கண்ணின் காயம் மற்றக் கண்ணையும் அழற்சிக்கு ஆளாக்கும்.

இமை கிழிந்தால் சுத்தத் துணியால் மூடி அழைத்துப் போகவும். மூக்கோரக் கிழிசலை லேசாக நினைக்க வேண்டாம், கண்ணீர் வடியும் குழாய் அங்கேதான் இருக்கிறது. சரியாகத் தைக்காவிட்டால் ஆயுசுக்கும் கண்ணீர் வழியும். நாய் கடித்த கிழிசல் என்றால் 15 நிமிடம் கழுவல், வெறிநாய்க்கடித் தடுப்பூசி, காயத்தில் போடும் இம்யூனோகுளோபுலின் மூன்றும் சேர வேண்டும்.

முருங்கை மரத்துக் கம்பளிப்புழுவின் முடி பட்டால் கசக்கவே கூடாது. முடியின் முனைக் கொக்கிகள் கசக்கக் கசக்க உள்ளே நகரும். நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

மருந்து விடும் முறை, வீட்டில் இருக்க வேண்டியவை

சொட்டு மருந்தைக் கருவிழியில் விட வேண்டாம். கீழ் இமையை இழுத்துக் குழியாக்கி அதில் ஒரே ஒரு சொட்டு. குழியில் அதற்கு மேல் இடமில்லை, இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். குப்பி முனை இமைமுடியில் படக்கூடாது. கண்ணை மூடி, மூக்கோர மூலையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்தவும். அடுத்த மருந்துக்கு 5 நிமிட இடைவெளி, களிம்பு கடைசியில். திறந்த குப்பியை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள், ஒருவர் குப்பியை இன்னொருவர் தொடக்கூடாது.

வீட்டிலும் களத்திலும் ஒரு டப்பாவில் உடைக்காத அரை லிட்டர் சலைன், பட்ஸ், டார்ச், ஒரு இஞ்ச் பிளாஸ்திரி, இரண்டு பேப்பர் கப், பாராசிட்டமால் இருக்கட்டும். மிச்சம் கிடக்கும் பழைய கண் மருந்துக் குப்பிகளை அந்த டப்பாவில் போட வேண்டாம், தூக்கி எறிந்துவிடுங்கள்.

காப்புக் கண்ணாடி என்றால் பாலிகார்பனேட், பக்கவாட்டு மூடியோடு. வெயில் கண்ணாடி தெறிப்பைத் தாங்காது, உடைந்தால் அதுவே குத்தும். வெல்டிங்குக்கு 10 முதல் 12ஆம் எண் கறுப்புக் கண்ணாடி, பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்கும் உதவியாளுக்கும் சேர்த்து. ஏற்கெனவே ஒரு கண் பார்வை இல்லாதவருக்கு இந்தக் கணக்கு வேறு. அவருக்குக் களத்திலும் கண்ணாடி, ஆடிக்காற்றில் பைக்கிலும் கண்ணாடி, வீட்டு முற்றத்தில் தேங்காய் உரிக்கும்போதும் கண்ணாடி.